ஏழாவது கதவு

"நம்ம வாய்க்காத் தகராறையே தீக்க முடியல. இவ கடல் தகராறு தீக்கப் போறாளாம்!"

சித்தப்பா இதை என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டே, மாட்டிடம் சொல்வதுபோல் சொன்னார். மாடும் தலையை ஆட்டியது. துருக்கி, கிரீஸ் இரண்டு நாட்டு மாணவர்களும் தாங்களாகவே நடத்துகிற ஓர் உரையாடல் குழுவுக்கு என்னை மாடரேட்டராக எடுத்திருக்கிறார்கள் என்ற செய்தியை வீட்டில் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அப்பாவுக்கு இரண்டு நாடும் எங்கே இருக்கின்றன என்று தெரியாது. ஆனாலும், "நம்ம பொண்ணக் கேட்டு எழுதியிருக்காங்கன்னா சும்மாவா?" என்று ஒரு சட்டை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போனார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். அவருக்கு அது போதும்.

இந்த ஆண்டு மாடரேட்டர்களாக வருகிற தம்பி, தங்கைகளே! மாணவர் குழுவில் படிப்பு முடிந்தால் வேலையும் முடிந்தது. அந்தக் கணக்கில் நான் இருபத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவள். ஆட்களை எப்படி உள்ளே விடுவது, யார் மைக்கை எப்போது அணைப்பது என்பதையெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். மைக்கை அணைத்த பிறகு என்ன செய்வது என்று சொல்லித் தர மாட்டார்கள். அதற்குத்தான் இது.

முதலில் அந்தக் கடலைப் பற்றி. ஏஜியன் கடலின் இந்தக் கரையில் துருக்கி, அந்தக் கரையில் கிரீஸ். நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு போர் முடிந்ததும் இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டு, இங்கே இருந்த கிறித்தவர்களை அங்கேயும், அங்கே இருந்த முஸ்லிம்களை இங்கேயும் மாற்றி அனுப்பின. போனவர்களிடம் யாரும் கேட்கவில்லை. வீடு, மரம், கிணறு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படகேறினார்கள். அவர்களுடைய கொள்ளுப் பேரப்பிள்ளைகள்தான் நம் குழுவில் பேசுகிறவர்கள். ஐந்து பேர் துருக்கி, ஐந்து பேர் கிரீஸ். இரண்டு பக்கமும் சொந்தமில்லாத ஒருவர் நடுவில் வேண்டும் என்று தேடித்தான் தஞ்சாவூரில் இருக்கும் நம் கல்லூரிக்கு எழுதினார்கள்.

விதியை அவர்களே எழுதிக்கொண்டார்கள். பத்து சனிக்கிழமைகள் வீடியோ காலில் பேச வேண்டும். பத்தாவது சனிக்கிழமை பத்துப் பேரும் 'சரி' என்றால், ஏப்ரலில் படகேறி ஒருவர் ஊரை ஒருவர் போய்ப் பார்ப்பார்கள். ஒரே ஒருவர் 'வேண்டாம்' என்றாலும் பயணம் கிடையாது.

எனக்கு முன்னால் மாடரேட்டராக இருந்தவர் மன்னார்குடிப் பக்கத்து அக்கா. கேன்டீனில் போண்டாவைப் பிட்டுக்கொண்டே எனக்குப் பொறுப்பை ஒப்படைத்தார். "நீ நடுவர்னு நெனச்சுக்காத. கோயில் வாசல்ல செருப்பு பாத்துக்கிறவங்க இருக்காங்கல்ல, அந்த வேலதான் நமக்கு. உள்ள போறவங்க நிம்மதியா போயிட்டு வரணும். உள்ள என்ன பூசை நடக்குதுன்னு நீ எட்டிப் பாக்க வேணாம்."

நான் சிரித்தேன். இவ்வளவு படித்துவிட்டு செருப்புப் பார்க்கவா என்று மனதுக்குள் கொஞ்சம் கசந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் சனிக்கிழமையே ஒரு தப்பு செய்தேன். நம் ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் முதலில் என்ன கேட்போம்? எந்த ஊரு? அப்புறம், சொந்த ஊரே அதுதானா? திருவையாறு என்று ஒருவர் சொன்னால், அங்கே எந்தத் தெரு என்று கேட்கிற வரை நமக்கு மனம் ஆறாது. நானும் பத்துப் பேரையும் பார்த்து, பழக்க தோஷத்தில், "எல்லாரும் உங்க சொந்த ஊரச் சொல்லுங்க, அதுலருந்து ஆரம்பிக்கலாம்" என்றேன். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். அது எங்கள் மூன்று தரப்புக்குமே இரவல் மொழி என்பதால், அவர்கள் பேச்சை இங்கே நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

லெஸ்போஸ் என்ற கிரேக்கத் தீவில் படிக்கும் எலெனி, "என் சொந்த ஊர் அய்வாலிக்" என்றாள்.

அய்வாலிக் துருக்கியில், அந்தத் தீவுக்கு நேர் எதிர்க்கரையில் இருக்கிறது. எலெனி அங்கே காலே வைத்தது கிடையாது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த கெரெமும் எங்கள் திரையில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் முகம் மாறியது.

"அது என் ஊராச்சே" என்றான். "சரி, அப்படின்னா நானும் சொல்றேன். என் சொந்த ஊர் லெஸ்போஸ். எங்க ஆளுங்க அங்கேருந்துதான் வந்தாங்க."

"நீ லெஸ்போஸுக்கு வந்திருக்கியா?"

"நீ அய்வாலிக்குக்கு வந்திருக்கியா?"

அறிமுகம் அத்தோடு முடிந்தது. மற்ற எட்டுப் பேரும் அவரவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். ஊர் கேட்பது நமக்கு உபசாரம். ஊரை விட்டுத் துரத்தப்பட்ட வீட்டில் அதே கேள்வி வேறு இடத்தில் போய்க் குத்தும். நீங்கள் எதைக் கேட்டாலும், இந்தக் கேள்விக்கு பதில் சொல்ல இவர்களில் யாருக்கு வலிக்கும் என்று ஒரு மூச்சு விடும் நேரம் யோசித்துவிட்டுக் கேளுங்கள்.

அந்தத் தப்பைச் சரிக்கட்ட நான் ஒரு வழி பிடித்தேன். பெரிய தப்பு அதில்தான் பிறந்தது.

எங்கள் நிலம் பூதலூர்ப் பக்கம், வாய்க்காலின் கடைமடையில் இருக்கிறது. மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர். அப்பாவும் சித்தப்பாவும் கூலி வேலை செய்த காலத்துக்குப் பிறகு கைக்கு வந்த நிலம். தண்ணீர் குறைவான நாட்களில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள்: தலைமடையில் இருப்பவருக்கு இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, அடுத்து நடுவில் இருப்பவர்களுக்கு, கடைசியில் எங்களுக்கு. தலைமடைக்காரர் மடையை அடைக்கப் பத்து நிமிடம் தாமதித்தால் எங்கள் வயலில் ஒரு மூலை நனையாது. அதனால் ஆறாம் வகுப்பில் எனக்குக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்து, மடை ஓரம் நிறுத்தினார்கள். மணி ஆனதும் நான் கத்த வேண்டும். தலைமடைக்காரரும் விடவில்லை. தன் மகள் வெண்ணிலாவுக்கு ஒரு கடிகாரம் கட்டி எதிர்ப்பக்கம் நிறுத்தினார். வெண்ணிலாவும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்ச். அவள் கடிகாரம் என்னுடையதைவிட ஐந்து நிமிடம் பின்னால் ஓடியது. "உன்னுது வேகமா ஓடுது" என்று அவள் சொன்னாள். "உன்னுதுதான் தண்ணி திருடுது" என்று நான் சொன்னேன். எட்டாம் வகுப்பில் அந்த வார்த்தையைச் சொன்னேன். அதன்பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இப்படி வளர்ந்தவளுக்கு நியாயம் என்றால் கடிகாரம். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று டைமர் வைத்தேன். துருக்கியில் ஒருவர், கிரீஸில் ஒருவர், முறை மாறாமல். இரண்டு நிமிடம் ஆனதும் மைக் அணையும். ஐந்தாவது வாரம் வரை அது அழகாக ஓடியது. யாரும் யாரையும் மிஞ்சவில்லை. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆறாவது சனிக்கிழமை எலெனி முதல் முறையாகத் தன் வீட்டுக் கதையை எடுத்தாள். அவள் குடும்பத்தில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி ஒன்றை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுப்பார்களாம். அய்வாலிக்கில் விட்டுவந்த வீட்டுக்கு வழி. நான்கு தலைமுறையாக, போகாத வழியை ஒப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

"கடலுக்கு முதுகைக் காட்டு. சோப்பு ஆலைப் புகைபோக்கியை இடது தோள் பக்கம் வச்சுக்க. கல் நீரூற்று வர்ற வரைக்கும் ஏறு. அங்கேருந்து வலது கைப்பக்கம் கதவுகளை எண்ணு. ஏழாவது கதவு. ஏழாவது கதவ..."

இரண்டு நிமிடம். நான் மைக்கை அணைத்தேன்.

அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. குரல் இல்லை. தன் குரல் போகவில்லை என்று அவளுக்குத் தெரிந்த அந்தக் கணத்தை நான் திரையில் பார்த்தேன். அவள் நேராக என்னைப் பார்த்தாள், அப்புறம் அவள் கட்டம் இருண்டுவிட்டது. கிரேக்கத் தரப்பில் மற்ற நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். கெரெம் மட்டும் கடைசியாக ஒன்று கேட்டான்: "அந்த ஏழாவது கதவைப் பத்தி என்ன சொல்ல வந்தா?"



இரண்டு நாளில் ஒரு மடல் வந்தது. இரண்டு நாட்டு ஒருங்கிணைப்பாளர்களும் சேர்ந்து கையெழுத்திட்டிருந்தார்கள். ஆறு வாரத்தில் இரு தரப்பும் சேர்ந்து செய்த முதல் காரியம் என் மீது புகார் எழுதியதுதான். இன்னும் ஒரு சனிக்கிழமை பார்க்கிறோம், அதற்கும் எல்லோரும் திரும்பி வராவிட்டால் இந்த ஆண்டுக் குழுவைக் கலைத்துவிடுகிறோம், படகுப் பயணமும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். நான் போனால் என்னோடு போகட்டும். அந்தப் பெண் நான்கு தலைமுறையாக ஒப்பித்துவந்த ஊரைப் பார்க்க முடியாமல் போவது என் டைமரால் அல்லவா!

மன்னார்குடி அக்காவுக்குப் போன் செய்தேன்.

"செருப்பு பாக்க உக்கார வச்சா, உள்ள போயி தீபாராதனை காட்டிட்டு வந்திருக்கடி" என்றார்.

"சரிசமமா இருக்கணும்னுதான்க்கா..."

"பாத்தியா, காரணம் சொல்ற. மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேளு. காரணம் சொல்லாம கேளு."

"அப்புறம் என்னக்கா செய்றது?"

"அது எனக்கும் தெரியலடி."

பெரியவர்களுக்கும் முன்னால் இருந்தவர்களுக்கும் எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். தெரியவில்லை என்று அவர் சொன்னது எனக்கு அன்று பெரிய உதவி.

எலெனிக்கு எழுதினேன். முதல் மூன்று முறை எழுதியதில் வாய்க்கால், முறை, கடைமடை எல்லாம் வந்துவிட்டன. அழித்தேன். நான்காவது முறை ஒரே வரி: "உன் குரலை அணைத்தது தப்பு, மன்னித்துக்கொள்." அவள் பதில் மறுநாள் வந்தது. அதுவும் ஒரே வரி: "என் வாக்கியத்தை முடிக்க எனக்கு இன்னும் நேரம் இருக்கிறதா?"

இருக்கிறது என்று எழுதினேன். எப்படி என்று எனக்குத் தெரியாது. மறுபடியும் பத்து முகங்களை எதிரெதிரே உட்கார வைத்தால், எல்லோரும் அவள் முகத்தையும் கெரெம் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அவள் கதை சொல்லுவாளா, வழக்குரைப்பாளா?

அந்த வாரம் ஆயுத பூசை விடுமுறை. ஊருக்குப் போனேன். சம்பா நடவு முடிந்து, மழை இன்னும் பிடிக்காத நாட்கள். காலையில் வாசலில் சத்தம். தலைமடைக்காரரும் சித்தப்பாவும்.

"ஏங்க, போன முறை எங்களுக்குத் தண்ணி வந்து சேரவே இல்ல. நீங்க நேரத்துக்கு மடைய அடச்சீங்களா இல்லியா?"

"அடச்சேன்யா. மணி பாத்து அடச்சேன். உன் வயலுக்கு வரலன்னா, நான் என்ன குடிச்சா தீத்துட்டேன்?"

"குடிச்சாலும் குடிப்பீங்க."

அப்பா தலைமடைக்காரரை 'ஐயா' என்பார். சித்தப்பா 'ஏங்க'வோடு நிறுத்திக்கொள்வார். அந்த ஒரு 'ஐயா' குறைவதற்கே தலைமடைக்காரருக்குக் கோபம் வரும். இருவரும் முகத்துக்கு முகம் நின்றால் பேச்சு எப்போதும் தண்ணீரை விட்டு வேறு எங்கோ போய்விடும். அன்றும் அப்படிப் போகத் தொடங்கியது. அப்பாதான், "இங்க நின்னு பேசி என்ன ஆவப் போவுது? நடந்து பாத்துட்டு வாங்களேன்" என்றார். நானும் பின்னால் போனேன்.

வரப்பில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. முன்னால் சித்தப்பா மண்வெட்டியோடு, பின்னால் தலைமடைக்காரர், கடைசியில் நான். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. சித்தப்பா வாய்க்காலைப் பார்த்துக் கத்தினார். தலைமடைக்காரர், சித்தப்பாவின் முதுகைப் பார்த்துக் கத்தினார். கொஞ்ச தூரம் போனதும் கத்துவது குறைந்து, இரண்டு பேரும் தண்ணீரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இங்கே புல் மண்டிக் கிடக்கு. இங்கே கரை கரைஞ்சிருக்கு. திடீரென்று சித்தப்பா நின்றார். பின்னால் வந்தவர் அவர் மேல் மோதிக்கொண்டார்.

"என்னய்யா?"

"சத்தம் கேக்குதா?"

குனிந்து பார்த்தார்கள். கரைக்குள் ஒரு நண்டு வளை. கை நுழையும் அகலம். எங்களுக்கு வர வேண்டிய தண்ணீர் அதன் வழியாகப் புறம்போக்குப் பள்ளத்துக்குச் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது.

"அடப் பாவி நண்டே!" என்றார் தலைமடைக்காரர். "கொண்டா மண்வெட்டிய."

அவரே வேட்டியை மடித்துக் கட்டி, களிமண் வெட்டிப் போட்டார். சித்தப்பா மிதித்தார். இரண்டு பேரும் சேர்ந்து நண்டின் பரம்பரையையே திட்டினார்கள். சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். முறை நேரத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டேதான் திரும்பி வந்தார்கள். ஆனால் அன்றைக்கு அடைக்க வேண்டிய ஓட்டை அடைபட்டது. வாசலிலேயே பேசிக்கொண்டிருந்தால் அது யார் கண்ணுக்கும் பட்டிருக்காது.

வரப்பிலேயே நின்று கெரெமுக்கு எழுதினேன். சிக்னல் இரண்டு கோடு இருந்தது. "சனிக்கிழமை உன் ஊரில் நடக்க முடியுமா? போனை உன் முகத்துக்குத் திருப்பாமல் தெருவுக்குத் திருப்பு. எலெனி வழி சொல்வாள்."

அவன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "எங்க வீட்டுல என்ன நெனப்பாங்க தெரியுமா? வீட்டக் கேட்டு வர்றவங்களுக்கு நானே வழி காட்டுறேன்னு சொல்வாங்க." அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் வற்புறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை அவனே எழுதினான். "நடக்கிறேன். அடுத்த வாரம் அவள் எனக்காக லெஸ்போஸில் நடக்க வேண்டும்."

ஏழாவது சனிக்கிழமை. நம் கல்லூரிக் கணினி அறையில் மாலை நாலரை மணி, அங்கே பகல் இரண்டு. பத்துப் பேரும் வந்து சேர்ந்தார்கள். டைமர் இருந்த என் போனை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். கைக்கடிகாரத்தையும் கழற்றி உள்ளே வைத்தேன். எல்லோரையும் கேமராவை அணைக்கச் சொன்னேன். திரையில் தெரிந்தது கெரெம் நின்ற படகுத்துறை மட்டும்.

"கடலுக்கு முதுகைக் காட்டு" என்றது எலெனியின் குரல்.

"காட்டிட்டேன்."

"சோப்பு ஆலைப் புகைபோக்கி தெரியுதா?"

"மூணு தெரியுது. எது?"

"எது உசரமோ அது."

"எவ்ளோ உசரம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் வந்ததே இல்லியே!"

யாரோ மூக்கால் சிரித்தார்கள். எந்த நாட்டு மூக்கு என்று தெரியவில்லை. கெரெம் நடந்தான். கல் பாவிய தெரு, வாசல்படியில் படுத்த பூனைகள், காய்கிற துணிகள். அவன் மூச்சு வாங்குவது கேட்டது. தினமும் நடக்கிற ஊர்தான், ஆனால் இப்படி ஒரு வழியில் தான் நடந்ததே இல்லை என்று பிறகு சொன்னான். மேட்டின் பாதியில் கல் நீரூற்று இருந்தது. யாரோ அதன் மேல் ஸ்கூட்டரைச் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள்.

"தண்ணி வருதா?"

"வரல. ஆனா இதுதான். வேற இல்ல."

"வலது கைப்பக்கம் எண்ணு."

அவன் துருக்கியில் எண்ணத் தொடங்கினான். இரண்டாவது கதவில் ஒரு குரல் கிரேக்கத்தில் சேர்ந்துகொண்டது. மூன்றாவதில் இன்னும் இரண்டு. ஆறாவது கதவு வரும்போது எலெனியைத் தவிர ஒன்பது பேரும் இரண்டு மொழியில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நானும் என்னை அறியாமல் தமிழில் எண்ணினேன்.

ஆறாவது கதவுக்கு அப்புறம் கதவு இல்லை. வீடும் இல்லை. இடிந்த சுவரின் அடி வரிசை, கொஞ்சம் புல், ஒரு மரம், இரண்டு மோட்டார் சைக்கிள்.

கெரெம் நின்றுவிட்டான். "எலெனி" என்றான். "ஏழாவது இல்ல."

யாரும் பேசவில்லை. நான் மாடரேட்டராக இருந்த மூன்று ஆண்டுகளில் அதைவிட நீளமான மௌனம் இல்லை. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், கடிகாரம் இழுப்பறையில் இருந்தது. ஏதாவது சொல், ஆறுதலாக ஒன்று சொல் என்று எனக்குள் ஒரு குரல் பிடுங்கியது. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். நான் பேசியிருந்தால் எல்லோரும் என் பேச்சுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பார்கள்.

கடைசியில் எலெனிதான் பேசினாள். "அன்னிக்கு என் வாக்கியம் பாதியில நின்னுச்சுல்ல. அது இதுதான். 'ஏழாவது கதவைத் தட்டு, உள்ளே ஆள் இருக்கும்.' சின்னப் பிள்ளையில அதச் சொன்னா எங்கப்பா கைதட்டுவாரு."

"தட்டுறதுக்குக் கதவு இல்லியே" என்றான் கெரெம். "மரம்தான் இருக்கு. மாதுள மரம்."

"காய்ச்சிருக்கா?"

"காய்ச்சிருக்கு."

"ஒண்ணு பறி."

"யாரு வீட்டு மரமோ, எவனாவது வந்து கேட்டா?"

"எங்க வீட்டு மரம்டா!"

என் விரல் மைக் பட்டனுக்குப் போய்விட்டது. முதல் சனிக்கிழமைத் தகராறுக்குப் பிறகு விதிப்பக்கத்தில் முதல் வரியாக அவர்கள் எழுதிச் சேர்த்தது அதுதான்: எந்த ஊரையும், நிலத்தையும், வீட்டையும் யாரும் தம்முடையது என்று உரிமை கொண்டாடக் கூடாது, கொண்டாடினால் மாடரேட்டர் உடனே நிறுத்த வேண்டும். ஆறு வாரமாக யாரும் சொல்லாமல் காத்துவந்த வாக்கியத்தை அவள் போட்டு உடைத்திருந்தாள். நிறுத்தினால் விதிப்படி சரி. நிறுத்தாமல் விட்டு, கெரெம் கோபப்பட்டால் எல்லாம் அங்கேயே முடிந்தது. அவள் குரலை மனதுக்குள் மறுபடி ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். அதில் வழக்கு இல்லை. அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஏதோ இருந்தது. விரலை எடுத்தேன்.

கெரெம் சிரித்துவிட்டான். "ஆமா, உங்க மரம். எங்க முனிசிபாலிட்டி தண்ணி குடிச்சு வளந்த மரம்." அப்புறம் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மரத்தின் அடியில் போய் விரல் மடக்கித் தட்டினான். டொக், டொக். கதவைத் தட்டுவது போலவே. ஒரு பழத்தைப் பறித்து கேமராவுக்கு முன்னால் காட்டினான். அதற்குள் ஒவ்வொரு கட்டமாக வெளிச்சம் வந்தது. நான் சொல்லாமலே எல்லோரும் கேமராவைத் திறந்திருந்தார்கள். எலெனி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அவள் லெஸ்போஸில் ஒரு மலைக்கிராமத்துக்கு பஸ் பிடித்துப் போனாள். கெரெம் வீட்டில் வழியெல்லாம் யாருக்கும் நினைவில்லை. ஆலிவ் மரங்களுக்கு நடுவில், கயிறு அறுத்த தழும்போடு ஒரு கிணறு என்பது மட்டும்தான். அப்படி அந்த ஊரில் மூன்று கிணறுகள். மூன்றையும் காட்டினாள். எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றாள். அவன் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மூன்றிலும் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டான்.

பத்தாவது சனிக்கிழமை பத்துப் பேரும் 'சரி' என்றார்கள். ஒவ்வொரு 'சரி'க்கும் என் தோளில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது. உங்களுக்கும் ஒருநாள் அந்த மாதிரி இறங்கும். அதற்காக எத்தனை வாரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

ஏப்ரலில் அவர்கள் படகேறினார்கள். நான் போகவில்லை, எனக்குத் தேர்வு, பாஸ்போர்ட்டும் கிடையாது. பூதலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தபோது படம் வந்தது. அய்வாலிக் படகுத்துறையில் பத்துப் பேர். எலெனி கையில், கெரெம் ஆறு மாதம் எடுத்து வைத்திருந்த அந்த மாதுளை, காய்ந்து சுருங்கி உருண்டையாக. நான் என்ன சத்தம் போட்டேனோ, பக்கத்துச் சீட்டில் கூடையோடு இருந்த அம்மா திரும்பினார்.

"என்னம்மா, ரிசல்ட் வந்துடுச்சா?"

"வந்துடுச்சும்மா."

"பாஸா?"

"பத்துப் பேரும் பாஸு."

"நல்லா இருங்க" என்றார்.

வீட்டில் படத்தைக் காட்டினேன். சித்தப்பா போனைத் தள்ளிப் பிடித்து, கிட்டே கொண்டுவந்து, வெகுநேரம் பார்த்தார். "யாரு எந்த நாடுன்னே தெரியலியே" என்றார். வைக்கோல் உதறப் போய்விட்டார். அவர் முதல் நாள் மாட்டிடம் சொன்னது மட்டும் அங்கேயே நின்றது. கடல் சரி. வாய்க்கால்?

அதற்குப் பிறகும் இரண்டு குழுக்களை நடத்தினேன். ஒவ்வொன்றிலும் யாரையாவது நடக்க வைத்தேன். ஒவ்வொரு முறையும், அடுத்தவர்களை நடக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் அறைக்குள் உட்கார்ந்திருப்பது உறுத்திக்கொண்டே இருந்தது. போன வாரம் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்ததும், கல்லூரி வாசலிலேயே நின்று வெண்ணிலாவின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். எட்டாம் வகுப்புக்குப் பிறகு முதல் முறை.

"யாரு?" என்றாள். பெயரைச் சொன்னேன். காத்திருக்க எனக்கு இப்போது தெரியும்.

"என்ன, தண்ணி வரலியா?" என்றாள்.

"வருது. நான் உன்ன அன்னிக்குத் திருடின்னு சொன்னது தப்பு. அதச் சொல்லத்தான் கூப்புட்டேன்."

"என்னைச் சொல்லல. என் வாட்ச்சத்தான் சொன்ன." அவள் சிரிக்கவில்லை, ஆனால் வைத்துவிடவும் இல்லை. "அது இப்பவும் பின்னாலதான் ஓடுது."

"ஞாயித்துக்கெழம காலையில தலைமதகுலருந்து கடைமடை வரைக்கும் நடக்கலாமா? நீயும் நானும். வாட்ச் வேணாம்."

"எங்கப்பா என்ன சொல்வாரோ" என்றாள். கெரெம் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் வற்புறுத்தவில்லை. நேற்று மாலை அவளிடமிருந்து செய்தி வந்தது: "சேறா இருக்குமா? செருப்போட வரலாமா?"

இதில் நான் ஒரு தரப்பு. அதனால் மாடரேட்டராக இருக்க முடியாது. உங்களில் ஒருவர் பின்னால் வர வேண்டும். எதுவும் பேச வேண்டாம், வந்தால் போதும். யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பூதலூரில் இறங்கி யாரைக் கேட்டாலும் தலைமதகுக்கு வழி சொல்வார்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மேலே இருப்பதை நேற்றிரவே உங்களுக்கு அனுப்பிவிட்டேன். நான் முன்னதாகவே வந்து, மதகுக் கட்டையில் உட்கார்ந்து இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டேன். நீங்கள் வந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள்.